தேர்வில் தோற்றவர்களுக்கும் ஒரு மெழுகுவர்த்தி

காலை நிகழ்ச்சி செய்யும் வானொலி அறிவிப்பாளர்கள் தேர்வுக் காலம் எப்போது வருகிறது என்று நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளே சொல்லிவிடும். மற்ற நாள்களில் பிறந்தநாள் வாழ்த்தும் பாட்டு விருப்பமும்தான் அதிகம். தேர்வு நெருங்கிவிட்டால் குரல்கள் மாறிவிடும். "அக்கா, என் மகன் எஸ்.பி.எம். எழுதுறான், வாழ்த்துச் சொல்லுங்க." "அக்கா, நாளைக்கு எனக்கு ஏ.சி.சி.ஏ. பேப்பர், கொஞ்சம் வேண்டிக்குங்க." பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர், பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டவர், அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவர் எல்லாரும் அந்த வரிசையில் இருப்பார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாழ்த்துகளை நான் படித்துவருகிறேன்.

முடிவுகள் வெளியாகும் நாளிலும் பதிவுகள் வரும். எத்தனை 'ஏ', எந்தப் பல்கலைக்கழகம், யாருக்கெல்லாம் நன்றி என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். நானும் சேர்ந்து மகிழ்வேன். ஆனால், தேர்வுக்கு முன்பு "வேண்டிக்குங்க" என்று கேட்ட எல்லாரும் அன்று அழைப்பதில்லை. பாஸானவர்கள் மட்டும்தான் அழைக்கிறார்கள். இந்தச் சின்ன விஷயத்தைப் பல ஆண்டுகள் நான் கவனிக்கவே இல்லை. கவனிக்க வைத்தவள் என் தங்கை.

அவளுடைய கதையை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுது அக்கா. ஆனா கடைசியில நான் ஜெயிச்ச மாதிரி மாத்தி எழுதிடாதே" என்றாள். அந்த நிபந்தனையோடுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்து தாள், நான்கு வாய்ப்பு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் வழக்கறிஞராக விரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் சி.எல்.பி. என்ற தேர்வைத் தாண்டியாக வேண்டும். 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் கீழ் இயங்கும் தகுதி வாரியம் நடத்தும் தேர்வு அது. உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை, பொதுத்தாள் என்று ஐந்து தாள்கள். அதில் பாஸான பிறகு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் சேம்பரிங். அப்புறம்தான் உயர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியோடு போய் நிற்க முடியும்.

இந்தத் தேர்வை நான்கு முறைதான் எழுதலாம். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

எங்கள் வீடு கிள்ளானில். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். நான் ஊடகத் துறை படிக்கப் போனபோது, "மைக்ல பேசறதுக்கு ஒரு டிகிரியா?" என்று சிரித்த உறவினர்கள், தங்கை சட்டம் படிக்கப் போகிறாள் என்றதும் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் வழக்கறிஞர் அவள்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். அப்பா தம் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கட்டணம் கட்டினார். அந்தப் பணம் எவ்வளவு என்று இன்று வரை அவர் எங்களிடம் சொன்னதில்லை.

தங்கை சோம்பேறி கிடையாது. பகலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, வார இறுதியில் டியூஷன், இரவில் படிப்பு. முதல் முறை எழுதினாள், மூன்று தாள் போனது. "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்" என்றோம். இரண்டாம் முறை இரண்டு தாள். "பார்த்தியா, ஒண்ணு குறைஞ்சிருக்கு" என்றோம். மூன்றாம் முறை மறுபடியும் மூன்று. அப்போது சொல்வதற்கு எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

அம்மாவின் நேர்ச்சை

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அம்மாவின் பக்தி பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள், வெள்ளிக்கிழமை செபக்குழு, தினமும் இரவில் செபமாலை. தங்கை தேர்வு எழுதிய ஆண்டுகளில் இவற்றோடு இன்னும் இரண்டு சேர்ந்தன.

ஒன்று, குப்பெர்த்தினோ சூசையப்பர். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவி. படிப்பு அவருக்குச் சுத்தமாக ஏறாது. திருத்தொண்டர் ஆவதற்கான தேர்வில் ஆயர் நற்செய்திப் புத்தகத்தைத் திறந்து ஒரு பகுதியை விளக்கச் சொன்னாராம். அவருக்கு ஒழுங்காக விளக்கத் தெரிந்த ஒரே பகுதி அதுதானாம். அடுத்த தேர்வில், முதலில் பதில் சொன்ன சிலர் நன்றாகச் சொன்னதால், மற்றவர்களைக் கேட்காமலேயே ஆயர் எல்லாரையும் தேர்ச்சி பெற வைத்துவிட்டாராம். 1767இல் புனிதர் பட்டம் பெற்ற இவர்தான் தேர்வு எழுதுபவர்களின் பாதுகாவலர். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தங்கை, "அம்மா, எனக்கு வர்ற கேள்வித்தாள்ல ஐந்து தாளுக்கும் அவரைக் கூப்பிட்டா அவருக்கே கஷ்டமா இருக்கும்" என்பாள்.

இன்னொன்று நேர்ச்சை. "பாஸாகட்டும், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏத்துறேன்." மலேசியாவில் இந்தக் கோயிலைத் தெரியாத கிறிஸ்தவர்கள் குறைவு. மலையடிவாரத்தில் 1888இல் கட்டிய பழைய கோயில் இன்னும் இருக்கிறது. ஜூலை மாதத் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மக்கள் வருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் சீனர்களும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பார்கள்.

நேர்ச்சை என்பது நம் எல்லாருடைய வீட்டிலும் உள்ள பழக்கம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டு அத்தையும் என் அம்மாவும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. அதில் அன்பு இருக்கிறது. பிள்ளைக்காகத் தன் உடம்பை வருத்திக்கொள்ளும் மனசு இருக்கிறது. ஆனால் நேர்ச்சை யாருக்காகச் செய்யப்படுகிறதோ, அந்தப் பிள்ளையின் தலையில் அது எவ்வளவு பாரமாக உட்காரும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. "நான் ஃபெயிலானா ஐந்து பேப்பர் மட்டும் போகலை அக்கா. அம்மாவோட நவநாள், செபமாலை, நேர்ச்சை எல்லாம் சேர்ந்து ஃபெயிலாகுது" என்று ஒரு நாள் தங்கை சொன்னாள்.

"எப்படிப் பார்த்தாலும் கடவுள் தப்பிச்சிடுறார்"

மூன்றாம் முறை முடிவு வந்த வார இறுதி. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளாகத்தில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம் வேறு ஒரு குடும்பத்துப் பிள்ளை மருத்துவம் முடித்திருந்தான். செபக்குழுவில் சாட்சி சொல்ல அவனுடைய அம்மாவை அழைத்திருந்தார்கள். அவர் மகிழ்ச்சியில் கண் கலங்கிப் பேசினார்: "நாங்க முழங்கால் போட்டோம், ஆண்டவர் கைவிடலை." உண்மையான நன்றி அது. குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற தங்கை காகிதக் கோப்பையைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நாமளும் முழங்கால் போட்டோம்தானே? அப்போ ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரா?"

அம்மா பதறி, "அப்படிச் சொல்லாதே. அவர் நேரம் வரும். நீ இன்னும் நல்லா படிச்சிருக்கணும்" என்றார்.

தங்கை சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "பாஸானா அது கடவுளோட கிருபை. ஃபெயிலானா நான் சரியா படிக்கலை. எப்படிப் பார்த்தாலும் கடவுள் தப்பிச்சிடுறார், இல்லையா அம்மா?"

மைக் முன்னால் நான் ஒரு நொடிகூட அமைதியாக இருக்கக் கூடாது. வானொலியில் மௌனம் என்பது பெரிய தவறு. அன்று சாப்பாட்டு மேசையில் என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் பூசைக்கு வரவில்லை. யாராவது கேட்டால், "டியூஷன் இருக்கு" என்று நான் பொய் சொன்னேன். சாட்சியச் சட்டத் தாளில் மூன்று முறையும் அவள் தோற்றிருந்தாள். "கோர்ட்டுலயும் சாட்சி சொல்ல முடியாது, கோயில்லயும் சாட்சி சொல்ல முடியாது" என்று அவளே அதைக் கேலி செய்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது.

புகாரும் ஒரு செபம்தான்

சில மாதம் கழித்து, எங்கள் பங்குத்தந்தை ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அம்மா சொல்லித்தான் வந்திருப்பார். தங்கை நேராகவே கேட்டாள், "ஃபாதர், நான் ஏன் கோயிலுக்கு வரலைன்னு கேட்க வந்தீங்களா?"

"இல்லம்மா. உனக்குக் கோபம்னு கேள்விப்பட்டேன். அந்தக் கோபத்தை அம்மாகிட்ட சொல்றியா, இல்லை, ஆண்டவர்கிட்டயே சொல்றியான்னு கேட்க வந்தேன்."

"கடவுள்கிட்ட கோபப்படலாமா?"

"திருப்பாடல்களைப் புரட்டிப் பாரு. எவ்வளவு புகார் இருக்குன்னு எண்ணிக்கோ."

அவர் போன பிறகு அவள் உண்மையிலேயே எண்ணத் தொடங்கிவிட்டாள். வழக்கறிஞர் மூளை அல்லவா! நானும் கூட உட்கார்ந்து வாசித்தேன். சின்ன வயதிலிருந்து பூசையில் கேட்டுப் பழகிய பகுதிகள்தாம். தேர்வு என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தபோது வேறு மாதிரி தெரிந்தன.

தானியேலும் அவருடைய மூன்று நண்பர்களும் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள். அங்கே அந்நிய மொழியையும் இலக்கியத்தையும் மூன்று ஆண்டு படிக்கிறார்கள். அப்புறம் அரசனே அவர்களை நேரில் கேள்வி கேட்டுச் சோதிக்கிறான். கடவுள் அவர்களுக்கு அறிவு கொடுத்தார் என்று அந்தக் கதை சொல்கிறது. ஆனால் அந்த மூன்று ஆண்டுப் பாடத்திட்டத்தை அவர்களுக்காக யாரும் குறைக்கவில்லை.

இயேசுவைச் சோதிப்பவன் கோயிலின் உச்சிக்குக் கூட்டிப்போய்க் குதிக்கச் சொல்கிறான், தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். அவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்கிறார். புத்தகத்தைத் திறக்காமல் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றுகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

தங்கையை நிறுத்தியது வேறு இரண்டு இடங்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மூன்று முறை ஒரே வேண்டுதலைச் செய்கிறார். அந்தத் துன்பம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்கிறார். அது நீங்கவில்லை. பவுலும் தம் உடலில் தைத்திருந்த ஒரு முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்கிறார். அதுவும் எடுக்கப்படவில்லை. "இவங்க ரெண்டு பேரும் சரியா செபிக்கலைன்னு யாராவது சொல்வாங்களா?" என்று அவள் என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்தது. மறுநாள் புத்தகங்களை மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

நெகேமியாவின் நொடி

நான்காவது முறைக்கு அவள் படித்த விதமே வேறு. இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் படிப்பதில்லை. கடந்த ஆண்டுக் கேள்வித்தாள்களை நேரம் வைத்து, கையால் எழுதிப் பார்த்தாள். மூன்று தோழிகள் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஒருத்தி நெற்றியில் திருநீற்றோடு வருவாள். இன்னொருத்தி சீனப் பெண், பேராக்கிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருந்தவள். அம்மா மூவருக்கும் சேர்த்து நாசி லெமாக் கட்டிவைப்பார்.

செபமும் மாறியது. முன்பெல்லாம் தேர்வுக்கு முந்தைய இரவு குடும்பமே நள்ளிரவு வரை செபமாலை சொல்லும். மறுநாள் அவள் கண் எரிய எரியப் போவாள். இந்த முறை, "பத்து நிமிஷம் போதும் அம்மா. மீதி நேரம் நான் தூங்கறதுதான் செபம்" என்றாள். அம்மா முகம் சுருங்கியது. ஆனால் ஒத்துக்கொண்டார்.

தேர்வு அறையில் என்ன செபிப்பாய் என்று கேட்டதற்கு அவள் நெகேமியாவின் கதையைச் சொன்னாள். பாரசீக மன்னனுக்குப் பானம் பரிமாறும் பணியாளர் அவர். எருசலேமின் மதில்கள் இடிந்து கிடக்கும் செய்தி கேட்டுப் பல நாள் அழுது மன்றாடுகிறார். ஒரு நாள் மன்னன் அவருடைய வாடிய முகத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவர் பயந்துபோகிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், அந்தச் சின்ன இடைவெளியில், கடவுளிடம் வேண்டிவிட்டுப் பேசத் தொடங்குகிறார். கண்ணை மூடக்கூட நேரம் இருந்திருக்காது. ஆனால் அந்த நொடிக்குப் பின்னால் பல மாதச் செபமும், என்ன கேட்க வேண்டும் என்ற தெளிவான திட்டமும் இருந்தன. எத்தனை நாள் விடுப்பு, யாருக்குக் கடிதம், எவ்வளவு மரம் என்று எல்லாவற்றையும் மன்னனிடம் சரியாகக் கேட்கிறார்.

"கேள்வித்தாளைத் திருப்பறதுக்கு முன்னாடி அந்த நொடி எனக்குப் போதும்" என்றாள். அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்திருந்த செபம் இதுதான்: "ஆண்டவரே, படித்ததை நினைவுபடுத்தும். படிக்காதது வந்தால் பதறாமல் இருக்கச் செய்யும். முடிவு எதுவானாலும் என் கூட இரும்." அதில் 'பாஸ்' என்ற சொல் இல்லை. நான் கவனித்தேன், கேட்கவில்லை.

காருக்குள் அப்பா

முதல் நாள் அப்பாதான் மைவி காரில் அவளைக் கூட்டிப்போனார். எனக்கு அன்று காலை நிகழ்ச்சி. முடிந்ததும் நேராகத் தேர்வு நடக்கும் இடத்துக்குப் போனேன். வாகன நிறுத்துமிடத்தில் அப்பா காரிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமாக் கடை இருந்தது. அங்கேகூடப் போகவில்லை.

"டீ குடிச்சிட்டு வரலாமே அப்பா?"

"வேணாம்மா. பாதியிலே எதுக்காவது அவ வெளியே வந்துட்டா?"

அப்பா அதிகம் செபிக்கிறவர் கிடையாது. பூசையில் கடைசி வரிசையில் நிற்பவர். அன்று அவர் கையில் அம்மாவின் செபமாலை இருந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸாகணும்னு மூணு வருஷம் வேண்டியாச்சு. இந்தத் தடவை அதை விட்டுட்டேன். அவ வெளியே வரும்போது நான் இங்கே இருக்கணும், அவ்வளவுதான்."

அப்பாவின் பேருந்தில் ஏறி இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர் எத்தனை பரீட்சைக்கு வழி காட்டியிருப்பாரோ தெரியாது. எனக்கு அன்று காட்டினார். கடவுளைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் அந்த ஒரு வரி இன்னும் நிற்கிறது.

இரண்டு தாள்

சில மாதம் கழித்து முடிவு வந்தது. நான் நேரலையில் இருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒளிர்ந்தது. "ரெண்டு பேப்பர் போச்சு. முடிஞ்சது அக்கா." பாட்டு முடிய நாற்பது விநாடி இருந்தது. முடிந்ததும் மைக்கைத் திறந்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் என்று சிரித்த குரலில் சொன்னேன். என் தொழில் அது.

அந்தத் தோழிகளில் திருநீறு பூசிவரும் பெண்ணும் சீனப் பெண்ணும் பாஸாகிவிட்டார்கள். மூவரும் ஒரே மேசையில் படித்தவர்கள். ஒரே நாசி லெமாக்கைச் சாப்பிட்டவர்கள். ஒருவரின் செபம் கேட்கப்பட்டது, இன்னொருவரின் செபம் கேட்கப்படவில்லை என்று இதை என்னால் விளக்க முடியாது. விளக்குகிறவர்களை இப்போது நான் நம்புவதும் இல்லை.

இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் படிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கான பணம் எங்களிடம் இல்லை. அவள் மூன்று வாரம் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. அந்த நாள்களில் அப்பா தினமும் அவள் அறை வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் வாசித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஒரே ஒரு முறை, "நான் உன்னைப் படிக்கலைன்னு சொன்னது தப்பு" என்றார். அந்த ஒரு வாக்கியம் வந்த பிறகுதான் தங்கை அழுதாள்.

இப்போது அவள் ஒரு வங்கியில் சட்ட இணக்கப் பிரிவில் இருக்கிறாள். நல்ல வேலை. "இதுதான் கடவுளோட உண்மையான திட்டம்" என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நான் வக்கீலாகணும்னு ஆசைப்பட்டேன், ஆகலை. அந்த வருத்தம் இருக்கு. இந்த வேலையும் பிடிச்சிருக்கு. ரெண்டையும் சேர்த்து ஒரு கதையா கட்டாதீங்க" என்பாள்.

நேர்ச்சை நிறைவேறியது

அடுத்த ஜூலையில் அம்மா பயணப்பையை எடுத்துவைத்தார். "எங்கேம்மா?" என்றேன். "புக்கிட் மெர்தாஜாம்."

"பாஸானாத்தானே வர்றேன்னு நேர்ந்தீங்க?"

"கேட்டது நான். கொடுக்கலைன்னா போகக் கூடாதுன்னு அன்னம்மாள் சொன்னாங்களா?"

நாங்கள் நால்வரும் போனோம். திருவிழாக் கூட்டம். மெழுகு வாசனையும் வெக்கையும் தாங்க முடியவில்லை. மெழுகுவர்த்தி வரிசையில் எங்களுக்கு முன்னால் எஸ்.பி.எம். வயதில் ஒரு பையன், அவன் அம்மாவோடு நின்றான். கையில் ஒரு தாளில் தன் அங்கா கிலிரானை எழுதி வைத்திருந்தான். தேர்வு எண்ணைக் கடவுளிடம் நேரடியாகவே கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பான். தங்கை அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவனிடம், "தம்பி, நல்லா எழுது. சரியா வரலைன்னாலும் திரும்ப இங்கே வா" என்றாள். அவனுடைய அம்மாவுக்கு அது அபசகுனமாகப் பட்டிருக்க வேண்டும், முறைத்தார். பையன் முறைக்கவில்லை.

அவள் தனக்கென்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

இதை வாசிக்கும் வீடுகளில் யாராவது ஒரு பெரிய தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கும்பிடுங்கள். பிள்ளையோடு சேர்ந்து கும்பிடுங்கள், சுருக்கமாக. அவர்கள் தூங்குவதற்கு நேரம் கொடுங்கள். நேர்ச்சை இருந்தால் அதை உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையிடம் பட்டியல் வாசிக்காதீர்கள். முடிவு நாளில் முதல் கேள்வி "எத்தனை மார்க்?" என்று இருக்க வேண்டாம். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பாஸாகவில்லை என்றால் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். கடவுளின் சார்பாகவும் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

பிள்ளை பல நாள் சாப்பிடாமல், தூங்காமல், உயிரோடு இருப்பதில் பயன் இல்லை என்பது போலப் பேசினால், செபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

எங்கள் பங்கில் இப்போது ஒரு சின்ன மாற்றம். தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் விசுவாசிகள் மன்றாட்டில் இரண்டு வரி சேர்கிறது. ஒன்று, தேர்ச்சி பெற்றவர்களுக்காக. மற்றது, எதிர்பார்த்தது கிடைக்காதவர்களுக்காக. இரண்டாவதைத் தங்கைதான் எழுதிக்கொடுத்தாள், ஃபாதர் மறுக்கவில்லை.

என் நிகழ்ச்சியிலும் ஒன்று மாறியிருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு நாளில் வாழ்த்துகளை எல்லாம் படித்து முடித்த பிறகு, "இன்றைக்கு எங்களை அழைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்காக" என்று சொல்லி ஒரு பாட்டைப் போடுகிறேன். அறிவுரை எதுவும் சொல்வதில்லை. முதல் முறை அப்படிச் செய்தபோது, இதற்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். பாட்டு முடிவதற்குள் ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை, குரல் இல்லை, எழுத்து மட்டும்.

"நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் அக்கா."